ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

பாஸ்கர் அண்ணன் கடையில் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிரிண்டரிலிருந்து சூடான காகித வாசனை. நான் என் லேப்டாப்பை அவர் மேஜைமேல் வைத்து, சத்தத்தைக் கூட்டி, பட்டனைத் தட்டினேன்.

"ஜே. கே. பி. ஓ. செமிகோலன்" என்றது லேப்டாப்.

"இன்னாமா இது, ஏ.பி.சி.டி. சொல்லுது?" என்றார் பாஸ்கர் அண்ணன்.

"நீங்க டைப் பண்ணிக் குடுத்த பாடந்தாண்ணே. முதல் வார்த்தை, தமிழ்."

"அது நல்லா தமிழ்லதானேம்மா இருக்குது. தோ பாரு, ஸ்கிரீன்ல எவ்ளோ அழகா..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் கண் தெரியாது என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கும். எல்லோருக்கும் இது நடக்கும். 'தோ பாரு' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். கடித்துக்கொள்ள வேண்டாம் சாமி, அதனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எனக்கு ஆத்திரமெல்லாம் அந்தச் செமிகோலன் மேல்தான். தேர்வு கிட்டத்தில் வந்துவிட்டது, கையில் பாடம் இருக்கிறது, அதில் ஒரு வரிகூட என் காதில் விழவில்லை.

ஊதுபத்தியை விட்டு வந்தவள்

இந்தத் தொடரில் போன வாரம் என் கதையைக் கல்லூரியோடு நிறுத்தியிருந்தேன். பி.ஏ. முடித்ததும் எனக்குக் கிடைத்தது ஊதுபத்தியை அட்டைப்பெட்டியில் அடைக்கிற வேலை. கேவலமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சோற்றில் கைவைத்தால் மல்லிகை, மோர் குடித்தால் சந்தனம். வீட்டில் எல்லோரும் என் கையை மோந்து பார்த்து, இன்றைக்கு என்ன சரக்கு என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு நாள் அந்த வேலையை விட்டுவிட்டு, அரசு வேலைக்கான குரூப் தேர்வு எழுதப்போகிறேன் என்றேன். அப்பா அப்போது கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் நிலத்துக்குக் கொல்லை, நிலக்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். அவர் நெடுநேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"இந்த ஒரு வாட்டி எழுதிப் பாரு. வரலைன்னா மறுபடி ஊதுபத்திக்கே போயிடணும். அடம் புடிக்கக் கூடாது" என்றார்.

சரி என்றேன். அடம் பிடிக்க மாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

திருவண்ணாமலையில் குணசேகரன் சார் நடத்திய பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினால் நேரே டவுன். வகுப்பில் கேட்பேன். வீட்டுக்கு வந்தால், அச்சடித்த பாடத்தைச் சுகந்தி அண்ணி படிப்பாள், நான் மனப்பாடம் செய்வேன். சுகந்தி அண்ணி என் அண்ணன் மனைவி. அவள் பக்கத்தைத் திருப்பும்போது கண்ணாடி வளையல் குலுங்கும். இன்றைக்கும் சட்டமன்றம், மேலவை என்றெல்லாம் யாராவது பேசினால் எனக்கு வளையல் சத்தம்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

அண்ணிக்கு அப்போது ஏழாவது மாதம். ஒரு பத்தி படிப்பதற்குள் மூச்சு வாங்கும். வளைகாப்பு முடிந்ததும் செங்கம் பக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்கப்புறம் எனக்குப் படித்துக் காட்ட ஆள் கிடையாது. அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். அண்ணன் வேன் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாலே தூங்கி விழுவான்.

அதனால்தான் கம்ப்யூட்டரில் இருக்கும் பாடத்தை அப்படியே கொடுங்கள் என்று குணசேகரன் சாரிடம் கேட்டேன். என் லேப்டாப்பில் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கிற சாஃப்ட்வேர் இருக்கிறது. பாடம் லேப்டாப்பில் ஏறிவிட்டால் எனக்கு யார் தயவும் வேண்டாம்.

பெரிய எழுத்து

குணசேகரன் சார் நல்ல மனுஷன். பாடங்களை டைப் செய்து கொடுப்பவர் பாஸ்கர் அண்ணன்தான். சார் உடனே அவருக்குப் போன் போட்டார்.

"பாஸ்கரு, நம்ம தேன்மொழிக்குக் கண்ணு தெரியாது. அதுக்குத் தோதா பண்ணிக் குடுத்துடு."

இரண்டு நாள் கழித்து ஒரு பை வந்தது. தூக்கினால் தோள் இறங்கியது. எனக்குத் தோதாக இருக்கட்டும் என்று பாஸ்கர் அண்ணன் எழுத்தையெல்லாம் இரண்டு மடங்கு பெரிதாக்கி, தடியாக்கி, அச்சடித்து அனுப்பியிருந்தார்!

அன்று என்னோடு டவுனுக்கு வந்திருந்த அண்ணிதான் பஸ்ஸில் முதலில் கவனித்தாள். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா, "பாத்தும்மா, புள்ளத்தாச்சி" என்று அதட்டினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகு வயிற்றெரிச்சலாக இருந்தது.

மறுபடி சாரிடம் போய், காகிதம் வேண்டாம், ஃபைல்தான் வேண்டும் என்று விளக்கினேன். பி.டி.எஃப். வந்தது. ஆசையாகத் திறந்தேன். ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.

பாடம் முழுக்க அப்படித்தான். இங்கிலீஷ் எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுப் படிப்பது போல ஓடிக்கொண்டே இருக்கும். நடுநடுவே ஒன்றிரண்டு நிஜ இங்கிலீஷ் சொல்லும் வருஷங்களும் மட்டும் தெளிவாகக் கேட்கும், எண்கள் எல்லா எழுத்துக்கும் பொதுவாயிற்றே. எந்தெந்த வருஷம் என்று எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. அந்த வருஷத்தில் என்ன நடந்தது என்பதுதான் தெரியவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னேன்.

"நல்லாத்தான இருக்குது. தமிழ்தான். உன் மிஷின்ல இன்னாவோ கோளாறு" என்றான்.

குணசேகரன் சாரும் பார்த்தார். "தெளிவா இருக்கும்மா" என்றார். நாலு பேர் நல்லாத்தான் இருக்கிறது என்று சொன்னால், நம் காதின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். எனக்கும் வந்தது. செய்திப் பக்கம் ஒன்றை இணையத்தில் திறந்து பார்த்தேன். லேப்டாப் கணீரென்று தமிழ் படித்தது. அப்படியென்றால் மிஷின் சரியாக இருக்கிறது, காதும் சரியாக இருக்கிறது. கோளாறு பாடத்தில். அதைத் தெரிந்துகொண்டதும்தான் பாஸ்கர் அண்ணன் கடைக்குக் கிளம்பினேன்.

ஒரே புள்ளி, இரண்டு மொழி

கோளாறு என்னவென்று எனக்கு எப்படிப் புரிந்தது என்பதைச் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்புகிறேன்.

நான் படித்த பிரெய்ல் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலேயே ஒரு சங்கதி கற்றுக்கொண்டோம். தனியாக ஒரு புள்ளி இருந்தால் தமிழ்ப் புத்தகத்தில் அது 'அ'. இங்கிலீஷ் புத்தகத்தில் அதே புள்ளி 'ஏ'. இந்திப் புத்தகத்திலும் அதேதான், பேர்தான் வேறு. டீச்சர் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போதே, "இது தமிழ்", "இது இங்கிலீஷ்" என்று சொல்லிக் கொடுப்பார். சொல்லாவிட்டால் முதல் வரியில் விரல் தடுமாறும், இரண்டாம் வரியில் அதுவே கண்டுபிடித்துவிடும்.

ஒருமுறை என் தோழி ராணி வேண்டுமென்றே இங்கிலீஷ் பாடத்தைத் தமிழாக நினைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு அவளுக்கு ஒரு கொட்டு வைத்தார்.

என் லேப்டாப் செய்துகொண்டிருந்தது அதைத்தான். பழைய காலத்தில் கம்ப்யூட்டருக்குள் தமிழுக்கென்று தனி இடம் கிடையாது. அதனால் இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். ஜே-யைத் தட்டினால் திரையில் 'த' தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஜே-தான். பிறகு யூனிகோடு வந்து, தமிழுக்குச் சொந்த இடம் கிடைத்தது. எங்கள் ஊர்க் கடைகளில் பலர் இன்னும் பழைய ஃபான்ட்டை விடவில்லை. கை பழகிவிட்டது, அச்சாபீஸிலும் அதையே கேட்கிறார்கள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. கேட்கிறவளுக்குத் தெரியும்.

பாஸ்கர் அண்ணன் வைத்தியம்

இதையெல்லாம் பாஸ்கர் அண்ணனிடம் சொன்னேன். அவர் பாதிதான் கேட்டார்.

அவரையும் குறை சொல்ல முடியாது. கடை ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில். கெஸ்ட் ஹவுஸ் போர்டு, ஓட்டல் மெனு, அறை வாடகை நோட்டீஸ் என்று தமிழ், தெலுங்கு, இந்தி, இங்கிலீஷ் எல்லாம் ஒரே தாளில் வரும். தெலுங்கு ஃபைலைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக நிற்குமாம். அவர் பென் டிரைவைச் சொருகி ஒரு ஃபான்ட்டை ஏற்றுவார், கட்டம் மறைந்து எழுத்து வந்துவிடும். எந்த மொழி மக்கர் பண்ணினாலும் அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். அது பலிக்காமல் போனதும் இல்லை.

"பி.டி.எஃப். வேணாம். வேர்டு ஃபைலையே உன் லேப்டாப்ல போடறேன், சரியாயிடும்" என்றார். போட்டார். திறந்தார்.

"அய்யய்யே!"

"இன்னாண்ணே?"

"எல்லாம் இங்கிலீஷா கொட்டிக் கெடக்குதும்மா. இரு, பயப்படாத. உன் லேப்டாப்ல அந்த ஃபான்ட் இல்ல. கேட்ட ஃபான்ட் இல்லைன்னா வேர்டு கையில இருக்கிறத எடுத்து மாட்டிடும். தோ, ஒரு நிமிஷம்."

மேளக்காரர் வராவிட்டால் கிடைத்த ஆளை வைத்துக் கல்யாணத்தை முடிப்பார்களே, அந்த மாதிரி. பென் டிரைவைச் சொருகும் சத்தம் கேட்டது. மவுஸ் இரண்டு தட்டு.

"ஆச்சு. இப்ப பாரு... கேளு. முத்து முத்தா தமிழ் வந்துடுச்சு" என்றார் சந்தோஷமாக.

நான் பட்டனைத் தட்டினேன்.

"ஜே. கே. பி. ஓ. செமிகோலன்."

பாஸ்கர் அண்ணன் மறுபடி ஃபான்ட் ஏற்றப் போனார். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. அவர் கையைத் தேடிப் பிடித்து நிறுத்தினேன்.

"அண்ணே, அந்த ஃபான்ட்ட எடுத்துடுங்க."

"எடுத்தா கெட்டுப்போயிடுமேம்மா. இப்பத்தான சரி பண்ணேன்."

"எடுங்கண்ணே. நான் சொல்றேன்ல."

முனகிக்கொண்டே எடுத்தார்.

"இப்ப ஸ்கிரீன்ல இன்னா தெரியுதோ, வாயத் தொறந்து படிங்க."

"இதை எப்பிடிம்மா படிக்கிறது? ஜே... கே... பி, ஓ... செமிகோலன்."

நான் பட்டனைத் தட்டினேன். அவர் படித்ததையே லேப்டாப்பும் படித்தது. அவர் அடுத்த வார்த்தைக்குப் போனார், லேப்டாப்பும் போனது. மூன்றாவது வார்த்தையில் அவர் குரல் நின்றுவிட்டது, லேப்டாப் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"இதையா நீ இத்தினி நாளா கேட்டுக்கினு இருந்த?" என்றார்.

"இதைத்தாண்ணே. நீங்க ஃபான்ட் போட்டா உங்க கண்ணுக்குத் தமிழ். எனக்கு எப்பவும் இதான்."

பாஸ்கர் அண்ணன் எழுந்து போய் டீ வாங்கி வந்தார். என் கையில் டம்ளரை வைத்து, "சொல்லு, இன்னா பண்ணணும்?" என்று கேட்டார்.

அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டேன்

பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றித் தரும் சாஃப்ட்வேர் இணையத்திலேயே கிடைக்கிறது. ஆனால் அது கார்த்திகை தீபத்துக்கு முந்தைய சமயம். கடைக்குள் நிற்க இடமில்லை. அன்னதான நோட்டீஸ், வாடகை ரூம் போர்டு, ஆந்திராவிலிருந்து வரும் குழுக்களுக்குத் தெலுங்கு பேனர்.

"தீபம் முடியட்டும்மா, உக்காந்து பண்ணித் தரேன்."

"எனக்குப் பரிட்சை தீபத்துக்கு முன்னாடிண்ணே."

"வேலை ஜாஸ்திம்மா. நேரமே இல்லியே."

"டீ குடிக்கிற நேரம் இருக்குமில்ல? அப்ப பண்ணுங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

உட்கார்ந்தேன். என் அண்ணன் ஒரு நாள்தான் கூட வந்தான். மறுநாளிலிருந்து நானே பஸ் ஏறினேன். வகுப்பு முடிந்ததும் கோலைத் தட்டிக்கொண்டு கடைக்கு வந்து, பிரிண்டர் பக்கத்து ஸ்டூலில் இடம் பிடித்துவிடுவேன். பாஸ்கர் அண்ணன் டீ குடிக்கும்போது தொண்டையைக் கனைப்பேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பாடத்தை எடுப்பார்.

முதல் பாடத்தை மொத்தமாக மாற்றினோம். பட்டனைத் தட்டினேன். 'தமிழ்' என்றது லேப்டாப். பாஸ்கர் அண்ணன் கை தட்டினார். அடுத்த வரியிலேயே லேப்டாப் பேய் பிடித்த மாதிரி உளற ஆரம்பித்தது.

எங்கள் பாடத்தில் முக்கியமான சொற்களுக்கெல்லாம் பக்கத்தில் இங்கிலீஷும் இருக்கும். மாற்றுகிற சாஃப்ட்வேருக்கு எது நிஜ இங்கிலீஷ், எது இங்கிலீஷ் வேஷம் போட்ட தமிழ் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டது. தமிழ் தமிழானது, இங்கிலீஷ் எந்த மொழியும் இல்லாமல் போயிற்று.

"தமிழ் வந்துடுச்சுல்ல. இங்கிலீஷ விட்டுடும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார் பாஸ்கர் அண்ணன்.

அட்ஜஸ்ட் என்ற சொல்லை எனக்குச் சொல்லாத ஆள் திருவண்ணாமலை ஜில்லாவிலேயே கிடையாது. பஸ்ஸில், பள்ளியில், கல்யாண வீட்டில், எங்கே போனாலும் எனக்கு மட்டும் அரைக்கரண்டி கம்மியாகப் பரிமாறிவிட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்பார்கள்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்க மாட்டேன்ணே. மத்த பசங்களுக்கு ரெண்டும் இருக்குது. எனக்கும் ரெண்டும் வேணும்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும்.

பாஸ்கர் அண்ணன் கொஞ்ச நேரம் விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இரு இரு. தமிழ் ஒரு ஃபான்ட்ல அடிச்சேன், இங்கிலீஷ் வேற ஃபான்ட்ல அடிச்சேன். ஃபான்ட்ட வெச்சே ரெண்டையும் பிரிச்சுடலாமே!"

வேர்டில் ஒரு குறிப்பிட்ட ஃபான்ட்டில் உள்ளதை மட்டும் தேடிப் பிடிக்கலாம். தமிழ் ஃபான்ட்டில் இருந்ததை மட்டும் மாற்றினார், இங்கிலீஷைத் தொடவில்லை. பட்டனைத் தட்டினேன். தமிழ் தமிழாக, இங்கிலீஷ் இங்கிலீஷாக வந்தது. "அப்பாடா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து என்ன ஆயிற்று என்று விசாரித்தார்.

அதன்பிறகு பாஸ்கர் அண்ணன் மாற்ற மாற்ற, நான் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். உடைந்த இடம் வந்தால் சொல்வேன். அவர் திருத்துவார். பேனர் வாங்க வந்தவர்கள், யார் இந்தப் பெண் என்று கேட்டால், "நம்ம புரூஃப் ரீடர்" என்பார். வந்தவர்கள் என் கோலைப் பார்த்துவிட்டு என்ன சொல்வது என்று தெரியாமல் முழிப்பார்களாம். அவர்கள் போனதும் நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம்.

அண்ணி வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போன அன்று கடைசிப் பாடம் என் லேப்டாப்பில் ஏறியது.

இன்னொரு வாட்டி

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை பக்கத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்தேன். வைக்கோல் வாசனை. ஒரு பத்தியைக் கேட்டேன். புரியவில்லை. பின்னால் போய் மறுபடி கேட்டேன். மறுபடியும், மறுபடியும். யாரும் பெருமூச்சு விடவில்லை. யாரும் 'இன்னுமா ஏறல?' என்று கேட்கவில்லை. அண்ணியிடம் ஒரு பத்தியை இரண்டு தடவைக்குமேல் நான் கேட்டதே இல்லை. பாவம், அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் வாய் வராது.

அன்று ஆசை தீரக் கேட்டேன். கேட்டுக்கொண்டே அழுதேன். மாடு என்னைப் பார்த்துக் கத்தியது.

தேர்வறையில் நான் சொல்லச் சொல்ல ஒரு பெண் எழுதினாள். நல்ல பெண், என் அவசரத்துக்குத்தான் அவள் கை ஈடுகொடுக்க முடியவில்லை. வெளியே வந்ததும் அண்ணன், எப்படி என்றான். சுமார் என்றேன். ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறேன் என்று சொல்லத் துணிச்சல் இல்லை.

தீபம் போனது. அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அறுப்பு முடிந்தது. அப்பா ஒரு தடவை, ஊதுபத்திக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம் என்று பொதுவாகச் சொன்னார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரி. நானும் காதில் விழாத மாதிரி இருந்தேன்.

ஒரு மத்தியானம் தேர்வு முடிவு வந்துவிட்டது என்று வகுப்பில் கூடப் படித்த பெண் போன் செய்தாள். நம்பர் சொல்லு, பார்த்துச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். லேப்டாப்பைத் திறந்தேன். அவசரத்தில் நம்பரை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அப்புறம் லேப்டாப் என் பெயரைச் சொன்னது, மதிப்பெண்ணைச் சொன்னது, தேர்ச்சி என்று சொன்னது.

நம்பாமல் மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னது.

என் வாழ்க்கையில் எந்தச் சேதியும் எனக்குக் கடைசியாகத்தான் வரும். பள்ளிக்கூட மார்க், தாத்தா செத்துப்போனது, அண்ணனுக்குப் பெண் பார்த்தது எல்லாமே. வீட்டில் எல்லோரும் படித்து, பேசி முடித்த பிறகு யாராவது ஒருத்தர் என் பக்கம் திரும்பிச் சொல்வார்கள். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதை யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு சமையலறைக்குப் போனேன். அம்மா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பாஸ் பண்ணிட்டேன்."

புளித்தண்ணீர் சத்தம் நின்றது. "யாருடி படிச்சுச் சொன்னாங்க?" என்றாள்.

"யாரும் சொல்லல. நானே படிச்சேன்."

அம்மாவின் ஈரக் கை என் கன்னத்தைத் தடவியது. அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, "இரு, உங்கப்பாகிட்ட சொல்லிட்டு வரேன்" என்று கொல்லைப் பக்கம் ஓடப்போனாள்.

நான் அவள் முந்தானையை எட்டிப் பிடித்தேன்.

"நீ சொல்லாத. நான்தான் சொல்லுவேன்."